ஆய்வகத்தின் நீர்ப்பாய்ச்சி



1895ஆம் ஆண்டில் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டதன் பயனாக, மேலூர் வரை நம் வயல்கள் பாசனம் பெற்றன. ஆயினும், கண்மாய் நிறைந்தால் மட்டும் கடைமடை விளையாது; முறை வைத்து நீர்விட ஒரு நீர்ப்பாய்ச்சி வேண்டும். இதனை நீங்கள் நன்கு அறிவீர்கள். பள்ளி ஆய்வகமும் அத்தகையதே. கருவிகள் இருக்கலாம்; ஆசிரியர் வல்லவராகவும் இருக்கலாம். ஆய்வக உதவியாளர் இல்லையெனில், செய்முறைக் கல்வி கடைசி வரிசை மாணவனைச் சென்றடைவது அரிது.

அவருடைய பணி யாது? வகுப்புக்கு முன்னரே கரைசல்களை உரிய அளவில் ஆயத்தம் செய்து, புட்டிகளில் பெயர் எழுதி வைப்பது அவர் கடமை. அடர் கந்தக அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாறாக, அமிலத்தில் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். உப்புகளைச் சோதிக்கக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. உவர்க்கிணற்று நீரில் குளோரைடு மிகுதி. அந்நீரில் கரைசல் செய்து வெள்ளி நைட்ரேட்டை இட்டால், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றும். தன் உப்பில் இல்லாத குளோரைடு இருப்பதாக மாணவன் எழுதிவிடுவான். பிழை அவனுடையதன்று, ஆயத்தக் குறைவினுடையது. பத்தாம் வகுப்பு அறிவியலில் நூற்றுக்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்கு 2015 மே 31ஆம் நாள் தேர்வு நடைபெற்றது. முடிவு 2017இல்தான் வெளிவந்தது. ஓரிடம் நெடுநாள் காலியாகக் கிடந்தால், கழுவுவதும் கரைப்பதும் பூட்டுவதும் ஆசிரியர் தலையில் விழும், பாடவேளை தேயும், நாளடைவில் ஆய்வகம் பூட்டியே கிடக்கும்.

ஊரார் செய்யத்தக்கவை மூன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. உதவியாளர் பணியிடம் நிரம்பியுள்ளதா என்று அங்கே கேளுங்கள். காலியெனில் தீர்மானம் இயற்றிக் கல்வித் துறைக்கு அனுப்புங்கள். ஆய்வகத்துக்குக் குழாய் நீரும், முதலுதவிப் பெட்டியும், மணல் வாளியும் கிடைக்கச் செய்யுங்கள். உதவியாளரை அலுவலக எழுத்து வேலைக்கு இழுத்துவிடாமல், அவருக்குரிய பணியில் நிலைபெறச் செய்யுங்கள்.

உங்கள் வயல் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்கள். அங்கே மண்ணை நிறுத்துக் கரைத்து அளப்பவரும் முன்னொரு நாள் ஒரு பள்ளி ஆய்வகத்தில் சோதனைக்குழாயைக் கையிற்பிடித்துப் பழகியவரே. அப்பயிற்சி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிட்டட்டும்.