பள்ளிக்கூடம் பிள்ளைக்கா, பெருமைக்கா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து என் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருக்கும் நண்பர்களே! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "பெற்றோர் பள்ளிக்கூடம் தேடுவது பிள்ளைக்காகத்தான்" என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அம்மா, ஒரே ஒரு கேள்வி. பிள்ளைக்காகன்னா, பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டீங்களா? மாப்பிள்ளை பார்த்தால்கூடப் பொண்ணுகிட்ட 'பிடிச்சிருக்கா'ன்னு ஒப்புக்காவது கேட்கிறோம். பள்ளிக்கூடம் பார்த்தால் அதுகூட இல்லையே! (கைதட்டல்)

நாம எதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம்? கட்டடம் எத்தனை மாடி, பஸ் என்ன கலர், டை இருக்கா, ஷூ இருக்கா. ஆவடி வெயிலுக்கு அப்பனே சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு நடக்கிறான். ஆறு வயசுப் பிள்ளைக்குக் கழுத்துவரை டை! (சிரிப்பு)

"அது மெட்ரிகுலேஷன் சார், பாடமே வேற" என்கிறார் ஒருவர். வேற இல்லை அய்யா! 2010-இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கி, 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் கல்வி வந்தாச்சு. பெயர்ப்பலகையில்தான் மெட்ரிகுலேஷன், பையில் இருக்கிற பாடத்திட்டம் அரசுப் பள்ளிப் பாடத்திட்டம்தான்.

நம்ம ஆவடியையே எடுத்துக்குங்க. டாங்க் ஃபேக்டரி வந்தது, விமானப்படை வந்தது, கூடவே கேந்திரிய வித்யாலயாக்களும் வந்தன. மாறுதலாகிப் போகிற மத்திய அரசு ஊழியர் பிள்ளைகள் படிப்பு கெடக்கூடாது என்பதற்காக வந்த பள்ளிகள். அவர்களுக்கு முன்னுரிமை. ஒன்றாம் வகுப்பில் மிச்சமுள்ள இடங்களுக்குக் குலுக்கல். என் தெருவில் ஒருவர், மூத்தவன் பெயர் குலுக்கலில் வந்ததும் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். ரெண்டு வருஷம் கழித்து இளையவன் பெயர் வரலை. "இவன் ராசி இல்லாதவன் சார்" என்று அந்தப் பிள்ளை காதுபடவே சொன்னார். குலுக்கலுக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்? ஆறு வயசுக் குழந்தைக்கு முத்திரை குத்தியாச்சு. இது பிள்ளைக்காகவா? (கைதட்டல்)

இன்னொருவர் எல்.கே.ஜி. சேர்க்கைக்காக ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டிலே இங்கிலீஷ் பேசிப் பழகுகிறார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு என்ன சொல்லுது? குழந்தைக்கும் தேர்வு கூடாது, பெற்றோருக்கும் தேர்வு கூடாது, நன்கொடையும் வாங்கக்கூடாது. ஆனா நாமதான், 'பரீட்சை வைக்கிற பள்ளிதான் தரமான பள்ளி'ன்னு தேடிப் போய்த் தலையைக் கொடுக்கிறோம்!

நடுவர் அவர்களே, ஊரார் கதையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? என் கதையைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னாலே என் மகள் பத்தாம் வகுப்பு முடித்தாள். படித்தது வீட்டுக்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில். நல்ல மார்க். அவளுக்கு வரலாறு என்றால் உயிர். நான் என்ன செய்தேன்? தமிழ்ப் பேராசிரியர், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவன், பெயர் சொன்னாலே எல்லாரும் புருவம் உயர்த்துகிற ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்த்தேன். அங்கே வரலாற்றுப் பிரிவே கிடையாது. உயிரியல், கணிதம் எடுத்தாள். காலை ஆறே காலுக்கு வேன். வீடு திரும்ப ராத்திரி எட்டு. அங்கே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

ஒருநாள் ராத்திரி தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்பினேன். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அப்பா, நான் எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறேன்னு எல்லார்கிட்டேயும் சொல்றீங்களே, நான் என்ன படிக்கிறேன்னு யார்கிட்டேயாவது சொல்லியிருக்கீங்களா?"

மேடையில் எத்தனையோ எதிரணிக்குப் பதில் சொன்னவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுமாதமே பழைய பள்ளிக்குக் கொண்டுவந்தேன். வரலாற்றுப் பிரிவு. கட்டிய பணம் திரும்பவில்லை. "ஏன் சார், பொண்ணுக்குப் படிப்பு ஏறலியா?" என்று தெருவிலே கேட்டார்கள். எனக்கு வலித்தது அய்யா! மகளுக்கு வலிக்கவில்லை, எனக்கு வலித்தது. அப்போதுதான் புரிந்தது, அந்தப் பள்ளி யாருக்காக என்று. (நீண்ட கைதட்டல்)

பாடத்தைத் தாண்டிக் குதிக்கிற இந்த வழக்கத்தைத் தடுக்கத்தான் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-இல் முதல் தேர்வு. 2025-26 கல்வியாண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே இனி விசாரிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

விண்ணப்பம் வாங்கும் முன் கேளுங்கள்: பிள்ளை விரும்பும் பிரிவு இருக்கா? பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடத்துகிறார்களா? கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு, இவர்கள் கேட்பது எவ்வளவு? அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருப்பது தெரியுமா? பன்னிரண்டாம் வகுப்பில் போய் இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாயங்காலம் அந்தப் பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் கால்மணி நேரம் நில்லுங்கள். வெளியே வருகிற பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த முகங்கள் சொல்லும்.

பிள்ளைக்காகத் தேடுகிறவர் பிள்ளையைக் கேட்டிருப்பார். நாம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே பெற்றோர் பள்ளிக்கூடம் தேடுவது பெருமைக்காகவே, பெருமைக்காகவே என்று என் குற்றத்தையே சாட்சியாக வைத்து, நல்ல தீர்ப்பு வேண்டி அமர்கிறேன்.