ஊனமுற்றோரின் உயிர் விலை குறைந்ததன்று

(கனடாவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொல்லப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்துக் கொலைக்குற்றத்தின் பாரம் குறையுமா? இக்கேள்வியைக் கனடா தன் நீதிமன்றங்களில் ஏழாண்டுகளுக்கு மேலாக விவாதித்தது. அந்த விவாதத்தின் நடுவில் இருந்தவள் ட்ரேசி லட்டிமர் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி.

சஸ்கச்சுவான் மாகாணத்தின் வில்க்கி என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு விவசாயக் குடும்பத்தில் ட்ரேசி வளர்ந்தாள். கடுமையான பெருமூளைவாதம் அவளைப் பாதித்திருந்தது. அவளால் நடக்கவோ பேசவோ தானாக உண்ணவோ இயலாது. பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளானாள். இடுப்பு மூட்டு விலகியதால் வலியும் அனுபவித்தாள். 1993 நவம்பரில் இன்னோர் அறுவைச் சிகிச்சை அவளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே, அக்டோபர் 24ஆம் நாள், தந்தை ரொபேர்ட் லட்டிமர் அவளுடைய உயிரைப் பறித்தார். மகள் உறக்கத்தில் இறந்தாள் என்று முதலில் கூறிய அவர், பிரேத பரிசோதனை உண்மையைக் காட்டியபின் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நாட்டில் எழுந்த இரக்கத்தின் பெரும்பகுதி தந்தையின் பக்கமே சென்றது. அவர் செய்தது கருணைக் கொலை என்றும், அவரைச் சிறையிலடைப்பது கொடுமை என்றும் பலர் கூறினர். 1997இல் நடந்த இரண்டாவது விசாரணையில் யூரிமார் அவரைக் குற்றவாளி எனக் கண்டபோதும், ஓராண்டில் அவரைப் பரோலில் விடலாம் என்று பரிந்துரைத்தனர். ஆயுள் தண்டனையும், பத்து ஆண்டுகள் கழியுமுன் பரோல் இல்லை என்பதும் இத்தகைய குற்றத்துக்குச் சட்டம் விதித்த குறைந்த அளவு. நீதிபதி அதற்கு விலக்களித்து, ஓராண்டுச் சிறையும் ஓராண்டு பண்ணைக் காவலும் விதித்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விலக்கை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

ஊனமுற்றோரின் அமைப்புகள் இங்கே குறுக்கிட்டு ஓர் எளிய கேள்வியை எழுப்பின. ஊனமற்ற பிள்ளை ஒன்று கடும் நோயால் வருந்தும்போது தந்தை அதனைக் கொன்றிருந்தால், நாடு இவ்வாறு மன்றாடியிருக்குமா? இல்லையெனில் அம்மன்றாட்டம் தந்தையின் துயரத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. ட்ரேசியின் வாழ்வு குறைவானது என்ற எண்ணத்திலிருந்தும் பிறந்தது.

2001 ஜனவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வேறு வழியில்லாத நெருக்கடியில் செய்த செயல் என்ற வாதம் தள்ளுபடியாயிற்று. உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அறுவைச் சிகிச்சை, உணவுக்குழாய், பராமரிப்பு இல்லம் என்று சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் இருந்தன. மருத்துவத்தால் தணிக்கக்கூடிய துன்பத்தைப் போக்க ஓர் உயிரை அழிப்பது அளவுக்கு ஒத்த செயலன்று என நீதிமன்றம் கண்டது. ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. ரொபேர்ட் லட்டிமருக்கு 2010இல் முழுப் பரோல் கிடைத்தது.

அத்தீர்ப்பிலே பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. ட்ரேசி இசையை விரும்பினாள். சிறப்பு விசையொன்றை அழுத்தி வானொலியைத் தானே இயக்கினாள். குடும்பத்தாரைக் கண்டதும் மகிழ்ந்தாள். தீ மூட்டிக் குளிர்காய்வதும் சர்க்கசும் அவளுக்குப் பிடித்தவை. பள்ளிக்கும் சென்று வந்தாள். வலியும் உண்மை, இந்த மகிழ்ச்சியும் உண்மை. ஆனால் வெளியிலிருந்து நோக்கியோர் வலியை மட்டுமே கண்டனர்.

இத்தகைய பார்வை ஒரு தந்தையோடு நின்றதன்று. அரசுகளும் அதனைச் சட்டமாக எழுதின. அல்பேர்ட்டா மாகாணத்தில் 1928 முதல் 1972 வரை இருந்த சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 2,800 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. மனவளர்ச்சி குன்றியோர் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் பிள்ளை பெறத் தகாதவர்கள் என அரசு முடிவெடுத்தது. அவர்களுள் ஒருவரான லெய்லானி மியூயர் மாகாண அரசுக்கு எதிராக வழக்காடி 1996இல் வென்றார்.

மாற்றமும் போராட்டத்தாலேயே வந்தது. 1982இல் இயற்றப்பட்ட உரிமைகள் சாசனத்தின் 15ஆம் பிரிவில், உடல், உள ஊனத்தைக் காட்டிப் பாகுபாடு செய்யலாகாது என்பது இடம்பெற்றது. 1997இல், காது கேளாதோருக்கு மருத்துவமனையில் சைகைமொழி பெயர்ப்பாளரை வழங்காமை இப்பிரிவுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சமத்துவம் என்பது எல்லோர்க்கும் ஒரே கதவைத் திறந்துவைப்பதன்று. அக்கதவினூடாக எல்லோரும் நுழைய வழிசெய்வது என்பதே அதன் பொருள்.

புலம்பெயர்ந்தோரை நேரே தொடும் சட்டம் ஒன்றும் உண்டு. நலச் சேவைகளுக்கு மிகையான சுமையாவார் என்று கருதப்படுபவரைக் குடிவரவுச் சட்டம் தடுக்கலாம். ஒரு பிள்ளையின் ஊனத்தைக் காட்டி முழுக் குடும்பமும் மறுக்கப்படும் நிலை இதனால் நேர்ந்தது. நோயின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது, அந்தந்தக் குடும்பத்தின் உண்மை நிலையை ஆராய வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2018இல் செலவு வரம்பு மும்மடங்காக உயர்த்தப்பட்டது. சிறப்புக் கல்விச் செலவு கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அகதிகளுக்கும், குடும்ப இணைவில் வரும் துணைவர், பிள்ளைகளுக்கும் இத்தடை பொருந்தாது. எனினும் மனிதரைச் செலவுக் கணக்கால் அளக்கும் அப்பிரிவு இன்னும் சட்டத்திலே உள்ளது.

அதே கேள்வி வேறு வடிவில் மீண்டும் வந்துள்ளது. 2016இல் அனுமதிக்கப்பட்ட மரணத்துக்கான மருத்துவ உதவி, 2021இல் மரணம் அண்மிக்காத நோயாளருக்கும் ஊனமுற்றோருக்கும் விரிக்கப்பட்டது. இது தனிமனித விருப்பத்துக்கு மதிப்பளிப்பது என்பர் ஆதரிப்போர். வீடும் பராமரிப்பும் வருமானமும் கிடைக்காதவரிடம் மரணத்தை மட்டும் எளிதாக நீட்டுவது விருப்பமாகுமா என்று ஊனமுற்றோர் அமைப்புகள் கேட்கின்றன. 2024இல் அவை நீதிமன்றம் சென்றன. 2025 மார்ச்சில், ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. குழு அவ்விரிவாக்கத்தை நீக்குமாறு கனடாவுக்குப் பரிந்துரைத்தது.

தமிழ் இல்லங்களும் இக்கேள்விக்குப் புறத்தே இல்லை. ஊனமின்றிப் பிறப்பதே அரிய பேறு என்னும் ஔவையின் பெயரால் வழங்கும் பாடல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. முற்பிறப்பின் வினை என்ற பேச்சு தாயின் நெஞ்சிலே பழியை ஏற்றுகிறது. போரிலே காலிழந்தவர் முன் தலைவணங்கும் சமூகம், பிறப்பிலேயே நடக்கவியலாத பிள்ளையைத் திருமண மண்டபத்துக்கு அழைத்துச் செல்லத் தயங்குவதும் உண்டு. மூத்தவளுக்குச் சம்பந்தம் தடைப்படும் என்று இளையவனின் ஆட்டிசம் மறைக்கப்படுவதும் உண்டு. ஊனமுற்றோர் என்பது மாற்றுத்திறனாளி என்றும் மாற்றுவலுவுள்ளோர் என்றும் மாறியது நன்றே. சொல் மாறியபின்னும் பிள்ளை உள்ளறையிலேயே இருந்தால் அம்மாற்றத்தால் பயன் என்ன?

மறைப்பதனால் பிள்ளை இழப்பது மதிப்பை மட்டுமன்று. ஊனமுற்றோர் வரிச்சலுகைக்குத் தகுதி பெற்றவருக்கே, 2008 முதல் நடைமுறையிலுள்ள ஊனமுற்றோர் சேமிப்புத் திட்டம் திறக்கும். அதில் அரசு தன் பங்காக வாழ்நாளில் 70,000 டொலர் வரை மானியமும், வருமானம் குறைந்தோருக்கு மேலும் 20,000 டொலர் வரையும் இடுகிறது. மருத்துவச் சான்றுக்கு அஞ்சும் குடும்பம் இதனைத் தன் பிள்ளைக்கு மறுக்கிறது. ஒன்ராறியோவில், பிள்ளையின் சிறப்புத் தேவையை ஆராயும் பள்ளிக் குழுவைக் கூட்டுமாறு பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்கவியலாது. அக்கூட்டத்துக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும் உரிமையுண்டு. ஆங்கிலம் தடையாயின், இங்கே வளர்ந்த இளையோர் அத்துணையாகலாம்.

இளையோருக்கு இன்னொரு பணியும் உண்டு. தமிழ்ப் பள்ளி, கலைவிழா, கோயில், நினைவேந்தல் எதுவாயினும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டா, சைகைமொழி பெயர்ப்பு உண்டா என்ற கேள்வி அழைப்பிதழ் அச்சாகுமுன் எழ வேண்டும். அக்கேள்விக்கு விடை கூறும் குழுவில் ஊனமுற்ற தமிழர் ஒருவரும் அமர வேண்டும். அவர்களுக்காகப் பிறர் பேசிய காலம் போதும்.

சம உரிமை கேட்டுக் குரலெழுப்பும் ஓர் இனம், தன் வீட்டினுள்ளே உயிர்களைத் தரம் பிரிக்குமாயின் அக்குரலுக்கு வலுவிராது. ட்ரேசியின் வழக்கில் நீதிமன்றம் கொலையைக் கொலையென்றே கண்டது. ஆனால் தீர்ப்பு வந்தபோது அவள் உயிரோடு இல்லை. ஊனமுற்ற பிள்ளைகளின் மதிப்பை அவர்கள் வாழும்போதே உணர்வது குடும்பத்தின் கடமை, சமூகத்தின் கடமை.