பாட்டுக்கு என்று ஒரு பாஷை உண்டா?



ஐரோப்பாவிலே 'ஆப்பெரா' என்று ஓர் இசை நாடகம் உண்டு. கதையைப் பாட்டாகவே பாடி நடிப்பார்கள். இது 1600-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் தோன்றியது. இத்தாலியில் பிறந்தது இத்தாலிய பாஷையில் இருந்ததில் அதிசயமில்லை. ஆனால் மற்ற தேசத்து அரண்மனைகளும் அந்தப் பாஷையிலேயே பாடவைத்துக் கேட்டன. "சங்கீதத்துக்கு ஏற்ற பாஷை இத்தாலியமே" என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். இதற்கு ஆதாரம் என்ன என்றுதான் நாம் கேட்கிறோம்.

1711-இல் லண்டனில் ஹாண்டல் என்ற ஜெர்மானியர் இங்கிலீஷ்காரர்களுக்கு இத்தாலிய பாஷையில் 'ரினால்டோ'வை நடத்தினார். சொந்த ஊரிலேயே அந்நியரைப் போல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று அடிசன் அதே வருஷம் தம் பத்திரிகையில் பரிகாசம் செய்தார். 1728-இல் ஜான் கே என்பவர், ஜனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலே, 'பிச்சைக்காரர் ஆப்பெரா'வை இங்கிலீஷிலேயே எழுதினார். அந்தப் பருவத்திலேயே அது 62 முறை நடந்தது.

பிரான்சிலோ வேடிக்கை இன்னும் அதிகம். பிரெஞ்சு பாஷை சங்கீதத்துக்கே உதவாது என்று 1753-இல் எழுதியவர் ரூசோ. அவரே முந்தின வருஷம் பிரெஞ்சில் ஓர் ஆப்பெரா இயற்றி, அரசர் முன் நடத்திப் பேர் வாங்கியவர்! அறிவாளிகளே இப்படியென்றால் பாமரர்களைக் குறை சொல்லிப் பயனென்ன?

வியன்னாவில் மோசார்ட் 1791-இல் 'மாயப் புல்லாங்குழலை' ஜெர்மன் பாஷையில் செய்தார். அது அரங்கேறியது அரண்மனையில் அல்ல, புறநகர்க் கொட்டகையில். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பிராக் நகரத்தில் ஸ்மெதனா, ஜெர்மனில் படித்து வளர்ந்தவர், பெரியவரான பிறகு செக் பாஷையை முயன்று பழகி, 1866-இல் செக்கிலே ஆப்பெரா தந்தார். செக் மக்கள் பணம் திரட்டிக் கட்டிய நாடக சாலை 1881-இல் தீயில் எரிந்தது. மறுபடியும் திரட்டினார்கள், 1883-இல் திறந்துவிட்டார்கள். புரியாத பாஷைக்காக எந்த ஏழையாவது இப்படிக் கொடுப்பானா?

"மொழிபெயர்த்தால் மெட்டும் சொல்லும் ஒட்டாதே" என்பார்கள். அது நியாயமான ஆட்சேபணை, நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் வழி பிறந்துவிட்டது. 1983-இல் கனடாவில் டொரொண்டோவிலே மேடைக்கு மேல் அர்த்தத்தை எழுத்தில் காட்டினார்கள். மூல பாஷையில் பாட்டு, கேட்பவன் பாஷையில் பொருள். இன்று பல தேசங்களில் இதுவே வழக்கம்.

ஆகையால் தோழர்களே, பாட்டுக்கு என்று பிறந்த பாஷை எதுவும் கிடையாது. காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனுக்கு, பாடுவது இன்னதென்று தெரிந்தாக வேண்டும். அதைக் கேட்பது அவனுடைய உரிமை, அறியாமை அல்ல.