அருவிக்கரை என்று எழுதினால் வீடு கிடைக்குமா?

(தென்காசியில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘நாடாளுமன்றக் குழுக்களும் நம் குடியிருப்பும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் இரண்டு பேர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். பரவாயில்லை. குற்றாலத்திலிருந்து தொடங்குகிறேன்.

போன சீசனில் ஐந்தருவிப் பக்கம் ஒரு ஆச்சிக்கு முதியோர் பென்ஷன் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். பகலில் கடை வாசல்களைப் பெருக்கிக் கொடுப்பார். இரவில் கடைகள் மூடிய பிறகு அங்கேயே ஒரு திண்ணையில் படுத்துக்கொள்வார். பெயர், வயது எல்லாம் எழுதியாகிவிட்டது. முகவரியில் நின்றுவிட்டது. “அருவிக்கரைன்னு எழுது தம்பி. முப்பது வருசமா இங்கதான கெடக்கேன்” என்றார். என்னால் எழுத முடியவில்லை. தை மாதம் போய்ப் பார்த்தபோது கடையும் இல்லை, ஆச்சியும் இல்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது ஒரு தேதியைச் சொல்கிறேன். 2011 பிப்ரவரி 28. இந்தியாவில் வீடற்றவர்களைக் கடைசியாகக் கணக்கெடுத்த இரவு அதுதான். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையம், கோயில் மண்டபம் என்று திறந்தவெளியில் படுத்திருப்பவர்களை அந்த ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. குற்றாலத்துக்காரர்களைக் கேட்கிறேன்: பிப்ரவரி கடைசியில் குற்றாலம் எப்படி இருக்கும்? சாரல் சீசன் ஆனியில் தொடங்கி ஆவணியோடு முடிந்துவிடும். கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். மாசியில் அருவியில் தண்ணீரும் இருக்காது, கூட்டமும் இருக்காது. சீசனை நம்பிப் பிழைக்கிறவர்கள் வேறு ஊர் பார்த்துப் போயிருப்பார்கள். குற்றாலத்தின் வீடற்றவர்களைக் குற்றாலத்தில் தேட முடியாத மாதத்தில்தான் கணக்கெடுப்பு நடந்தது. அதன் பிறகு 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவேயில்லை.

சரி, அரசின் கணக்கையும் செலவையும் யார் கேள்வி கேட்பது? நாடாளுமன்றத்தில் கூச்சல் போடுவதை டிவியில் பார்க்கிறோம். உண்மையான கேள்விகள் பெரும்பாலும் குழு அறைகளில்தான் கேட்கப்படுகின்றன. 1993இல் துறைவாரியான நிலைக்குழுக்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் வந்ததும் துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு, போன வருடப் பணம் எங்கே போனது, ஏன் செலவாகவில்லை என்று கேட்பார்கள். பிறகு அறிக்கை தாக்கல் செய்வார்கள். அரசு மூன்று மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கென்று 30 பேர் கொண்ட தனிக் குழுவும் இருக்கிறது.

கிராமப்புற வளர்ச்சிக்கான நிலைக்குழு பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயம் ஒன்று. தேசிய சமூக உதவித் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ள முதியவருக்கு ஒன்றிய அரசு கொடுப்பது மாதம் 200 ரூபாய். 80 வயது தாண்டினால் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் பதினைந்து வருடங்களுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் முதியவர் கைக்கு 1,200 ரூபாய் வருகிறதென்றால் மிச்சம் 1,000 ரூபாய் மாநில அரசின் பணம். உயர்த்துங்கள் என்று குழு எழுதுகிறது. பரிசீலிக்கிறோம் என்று பதில் வருகிறது. அடுத்த வருடம் குழு மறுபடி எழுதுகிறது. குழுவின் பரிந்துரைக்கு அரசைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து எழுதுவதற்கே இந்த நிலைமை.

அடுத்தது வீடு. 2016இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய். இதில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. அந்தத் தொகையில் வீடு கட்ட முடியாது என்பதால்தான் தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாகப் பணம் சேர்த்துக் கொடுக்கிறது. தொகையை உயர்த்த வேண்டும் என்று குழுவும் சொல்லிவிட்டது. ஆனால் பணத்துக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தத் திட்டத்தின் விதிப்படி வீடே இல்லாதவர், பிச்சையெடுத்துப் பிழைப்பவர், கையால் மலம் அள்ளுபவர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமை ஆகியோர் தாமாகவே பட்டியலில் சேர வேண்டியவர்கள். விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டைக் கட்ட மனை வேண்டும். அந்த ஆச்சிக்கு மனை எங்கே இருக்கிறது?

நிலமற்ற பயனாளிகளின் வீடுகள் தொடங்காமலே நிற்பதையும் குழு அறிக்கைகள் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கின்றன. ‘நிலமற்ற பயனாளி’ என்பது அதிகாரிகளின் மொழி. நிலம் ஏன் இல்லை என்பதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்து, அதன் பிறகு ஒதுக்கப்பட்ட 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று கேட்டு இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோம். ஆதிதிராவிடருக்கு மனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சாதி ஊரை இரண்டாகப் பிரித்தபோதே மனையையும் பிரித்துவிட்டது. அதைப் பேசாமல் வீட்டுத் திட்டத்தைப் பேச முடியாது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலனியில் அப்பாவுக்கு வந்தது ஒரு தொகுப்பு வீடு. இன்று அதில் நாங்கள் மூன்று குடும்பம். மழைக்காலத்தில் கான்கிரீட் காரை பெயர்ந்து விழும். தூங்குகிற குழந்தையை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்போம். புது வீடு கேட்டுப் போனால், “உங்க பேர்ல கான்கிரீட் வீடு இருக்கே” என்று ஏட்டைக் காட்டினார் ஒரு அலுவலர். ஏட்டில் வீடு இருக்கிறது, உண்மைதான். 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டி இடிந்துகிடக்கும் வீடுகளைத் திரும்பக் கட்டித்தருவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. நம் காலனிகளில் எத்தனை வீடு அந்தப் பட்டியலில் ஏறியது என்று நாம்தான் எண்ண வேண்டும்.

அம்மா பீடி சுற்றியவர். ஆலங்குளம், கடையம், சுரண்டை என்று இந்தப் பக்கம் பீடித்தட்டு இல்லாத தெரு குறைவு. பீடி மீது போட்ட தனித் தீர்வையிலிருந்துதான் தொழிலாளர் நலநிதி, பிள்ளைகளின் உதவித்தொகை, மருத்துவமனை எல்லாம் நடந்தன. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை ஒழித்துவிட்டார்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020இல் வந்தது. நிலைக்குழு ஜூலையில் அறிக்கை கொடுத்தது. செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில், இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேற்றினார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதுவாவது குழுவுக்குப் போனது. 15ஆவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவைக் காலத்தில் 16தான்.

பரிந்துரையை அரசு மதிப்பதில்லை, மசோதாவையும் அனுப்புவதில்லை, பிறகு குழுவால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அரசே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளும் எண்கள் அந்த அறிக்கைகளில்தான் கிடைக்கின்றன. எத்தனை வீடு பாக்கி, எவ்வளவு பணம் திரும்பிப் போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் நமக்குக் கிடைக்காது. 1919இல் வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழு முன்னால் அம்பேத்கர் சாட்சியம் சொன்னபோது அவருக்கு வயது 27. 1928இல் சைமன் குழு முன்னாலும் சொன்னார். வெள்ளைக்காரன் போட்ட குழு நமக்கு எதற்கு என்று அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. கணக்கோடு போனார்.

பிரிட்டனில் நாடாளுமன்றக் குழு விசாரணையைப் பெரும்பாலும் நேரலையில் பார்க்கலாம். வீடிழந்தவர்களே வந்து பேசுவதும் உண்டு. நம் குழுக்கள் மூடிய அறையில் கூடுகின்றன. அறிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. யாருடைய கூரையைப் பற்றி எழுதுகிறார்களோ, அவர் மொழியில் வருவதில்லை. தென்காசி தனித்தொகுதி. நம் ஒதுக்கீட்டில் போகிற உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார், கூட்டங்களுக்குப் போகிறாரா, என்ன கேட்டார் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. யார் ஜெயித்தாலும் கேட்க வேண்டும்.

மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஊரக வளர்ச்சிக் குழுவின் கடைசி அறிக்கையை நாலு பேர் உட்கார்ந்து படித்து, தமிழில் நாலு பக்கம் எழுதுங்கள். இரண்டு, காலனி காலனியாகப் போய்த் தொகுப்பு வீடுகளை எண்ணுங்கள். எத்தனை குடும்பம், கூரை எப்படி, மனைப்பட்டா உண்டா என்ற மூன்று கேள்வி போதும். அதை மனுவாக்கிக் குழுவுக்கும் நம் எம்.பி.க்கும் அனுப்புவோம். மூன்று, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். வழக்கப்படி அதற்கு முந்தைய இரவில் வீடற்றவர்களை எண்ணுவார்கள். அதற்கு முன்னால், வருகிற சீசனிலேயே நாம் குற்றாலத்தில் ஒரு இரவு எண்ணிப் பார்த்துவிட வேண்டும். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று மூன்று குழு தேவை. எண்ணிக்கையை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து, மாசியில் இவர்களை எங்கே தேடப் போகிறீர்கள் என்று கேட்போம்.

அந்த ஆச்சியின் விண்ணப்பம் முகவரி இல்லாமல் என் பையில்தான் இருக்கிறது. சீசன் தொடங்கியதும் முதலில் அவரைத்தான் தேடப் போகிறேன். கூட வருகிறவர்கள் போவதற்கு முன் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.