முகவரி மறந்த கணினி

லினக்ஸ் சர்வருக்கு முகவரி அமைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். நான் செய்த பிழை ஒன்றே என்னை இதனைக் கற்க வைத்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடத்தி வருகிறேன். அங்கே பழைய கணினி ஒன்றில் உபுண்டு என்னும் லினக்ஸை நிறுவி, பாடங்களையும் வினாத்தாள்களையும் அதில் சேர்த்து வைத்தேன். மற்றக் கணினிகள் அவற்றை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். கேட்டவர்க்கு எடுத்து வழங்கும் அத்தகைய கணினியைத்தான் சர்வர் என்கிறோம்.

அதனைத் தேடி அடைய முகவரி வேண்டும் அன்றோ? அம்முகவரி நான்கு எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். நான் கொடுத்தது 192.168.1.10. எங்கள் படிப்பகத்தில் முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர் போன்றவை. கடைசி எண் கதவிலக்கம் போன்றது. முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடிட்டு 24 என்று எழுதுவது இப்பிரிவினையைக் குறிப்பதற்கே.

மற்றக் கணினிகளுக்கு ரௌட்டரே முகவரி வழங்கும். அது மாறினாலும் கேடில்லை. அவை பிறரைத் தேடிச் செல்பவை. பிறர் தேடிவரும் சர்வருக்கோ முகவரி நிலையாக இருத்தல் வேண்டும். ரௌட்டர் வழங்கும் எண்களுக்குள் அஃது அமையவும் கூடாது. அமைந்தால், ஒரே கதவிலக்கம் இரண்டு வீடுகளுக்கு வாய்த்து, வருவோர் தடுமாறுவர்.

இவ்வளவும் அறிந்திருந்தேன். கட்டளை ஒன்றைத் தட்டச்சு செய்து முகவரியைக் கொடுத்தேன். வேலை நடந்தது, மனம் நிறைந்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் மாலை மின்சாரம் நின்று, பின் வந்தது. எந்தக் கணினிக்கும் பாடம் கிடைக்கவில்லை. கம்பியருகே பெருக்கிக்கொண்டிருந்த மாணவனே அதைப் பிடுங்கியிருப்பான் என எண்ணி, எல்லார் முன்னும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் உண்மை விளங்கிற்று. கட்டளையால் மட்டும் கொடுத்த முகவரி கணினியின் தற்காலிக நினைவிலேயே தங்கும். கணினி அணைந்தால் அதுவும் மறையும். குற்றம் கம்பியிலும் இல்லை, சிறுவனிடமும் இல்லை, என்னிடமே இருந்தது.

நிலைத்த முகவரியைக் கோப்பில் எழுதுதல் வேண்டும். உபுண்டு சர்வரில் அதற்கு நெட்பிளான் என்னும் அமைப்பு உண்டு. அதன் கோப்பில் சர்வரின் முகவரி, வெளியுலகிற்கு வாயிலாகிய ரௌட்டரின் முகவரி, பெயர்களுக்குரிய எண்களைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வரின் முகவரி ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். வரிகளை உள்தள்ளி எழுத இடைவெளிகளையே இட வேண்டும். டேப் விசையைப் பயன்படுத்தினால் கோப்பு ஏற்கப்படாது.

எழுதியபின், ‘நெட்பிளான் டிரை’ என்னும் கட்டளையால் சோதித்துப் பார்க்கலாம். அது புதிய அமைப்பை நடைமுறைப்படுத்தி 120 விநாடி காத்திருக்கும். அதற்குள் நாம் உறுதி செய்யாவிடில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அந்தச் சிறுவனைக் கடிந்துகொள்ளுமுன் நானும் 120 விநாடி பொறுத்திருக்கலாம்.

அவன் வீட்டிற்குச் சென்று, பிழை என்னுடையது என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவனே கோப்பில் முகவரியை எழுதினான். நான் அருகில் நின்றேன். பின்னர்க் கணினியை நாங்களே அணைத்து, மீண்டும் இயக்கினோம். முகவரி அப்படியே இருந்தது. பாடங்களும் வந்தன, அவனும் நாள்தோறும் வருகிறான்.