ஏஜெண்டுக்குப் பணம் எதற்கு?

(இளைஞரணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டு வேலை என்றாலே நமக்கு வளைகுடாவும் ஏஜெண்டும்தான் ஞாபகம் வரும். தாயின் நகையை அடகு வைத்து விசா வாங்குகிறோம். 1970ல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தொண்டர் அமைப்பை எத்தனை பேர் அறிவோம்? 1996 முதல் அதன் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது.

தொண்டருக்கு வாழ்க்கைப்படி, பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு உண்டு. சம்பளம் கிடையாது. குடும்பக் கடனை அடைக்க வேண்டியவர் சம்பளம் தரும் ஊழியர் பணிக்கே மனுப் போடட்டும்.

அந்த மனுவில் 'கடையில் இருந்தேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை வருடம் கொள்முதல் பார்த்தீர்கள், இருப்புக் கணக்கு எழுதினீர்கள் என்று எழுதுங்கள். நிவாரணக் கிடங்குக்கு அப்படிப்பட்ட ஆள்தானே தேவை! மதரஸாவில் ஓதிய அரபியையும் சொல்லுங்கள், பேசவும் எழுதவும் வருமானால். 1973 முதல் அது ஐ.நா.வின் அலுவல் மொழி.

மனு, நேர்முகம், பயிற்சி எதற்கும் ஐ.நா. ஒரு பைசா வாங்குவதில்லை. முத்திரைக் கடிதம் காட்டி எவனாவது பணம் கேட்டால் அவன் மோசடிக்காரன். கடிதத்தை ஜமாஅத்தில் காட்டுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.