மிதிவெடி வியாபாரத்துக்குப் போட்ட பூட்டு
(மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னியில் குடியேறிய நம்ம சொந்தக்காரர் அநேகர். மிதிவெடி என்ன செய்யும் என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மிதித்தது சிப்பாயா, விறகு பொறுக்கப் போன பிள்ளையா என்று அது பார்க்காது.

இந்தச் சாமானை வெளிநாடுகளுக்கு விற்றுப் பிழைத்த நாடுகளில் இத்தாலியும் ஒன்று. அங்கே பிரெஷா நகருக்குப் பக்கத்தில், வால்செல்லா என்ற தொழிற்சாலையில் மிதிவெடி செய்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். நம்மைப் போல் கூலிக்கு உழைத்தவர்கள்தான். தங்கள் கைவேலை யார் காலை எடுக்கிறது என்று தெரிந்ததும், தடை கேட்டவர்களோடு அவர்களும் சேர்ந்து நின்றார்கள். வேலை போனால் அடுப்பெரியாதே! அதை நாம் லேசாக நினைக்கக் கூடாது.

அரசாங்கங்களும் அசைந்தன. அமெரிக்கா 1992இல் ஏற்றுமதியை ஒரு வருடத்துக்கு நிறுத்தி, பிறகு நீடித்தது. 1993இல் ஐ.நா. பொதுச்சபை மற்ற நாடுகளையும் நிறுத்தச் சொன்னது. 1997இல் இத்தாலி சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் 122 நாடுகள் கையெழுத்து வைத்தன: செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது, பிறருக்குக் கைமாற்றவும் கூடாது. இலங்கை சேர்ந்தது 2017இல்தான். இருபது வருடம் கொஞ்சமா?

அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா சேரவேயில்லை. 2025இல் பின்லாந்து, போலந்து உட்பட ஐந்து ஐரோப்பிய நாடுகள் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டன. பூட்டுத் தாங்குமா என்று நமக்குப் பயமாயிருக்கு. வன்னியிலே இன்னமும் பெண்கள் முழங்காலில் இருந்து, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி மிதிவெடி தேடுகிறார்கள்.